கருவி பத்திரம்

ஒரு ஜீப்பில் தீயணைப்பானை மாட்ட இரண்டு போல்ட்டும் பத்து நிமிடமும் போதும் என்று நினைப்பவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கொடுத்துவைத்தவர்கள். வாகனப் பாதுகாப்பு இயக்ககத்தின் படியை அவர்கள் ஒருநாளும் மிதித்திருக்க மாட்டார்கள்.

நிதானமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நிதானம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, பணிமனையில் வைத்தது. மலைச் சுகாதாரப் பிரிவின் ஜீப்பைப் பதினெட்டு வருடமாக ஓட்டுகிறார். தாரையே பார்த்திராத பாதை. ஓடைக்குள் இறங்கி, பாறை மேல் ஏறி, வாரத்துக்கு மூன்று நாள் உச்சியில் இருக்கும் குடியிருப்புகளுக்குத் தடுப்பூசிப் பெட்டியைக் கொண்டுபோக வேண்டும். இத்தனை வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகும் நர்ஸ் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தங்கைதான். ஊசி போடுவதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அழுவதற்காக வாயைத் திறந்த குழந்தை, போட்டாகிவிட்டதா இல்லையா என்ற குழப்பத்தில் வாயை மூடிக்கொள்ளும். “எங்கண்ணன் வண்டின்னா கண்ண மூடிட்டு ஏறுவேன்” என்று அவள் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வாள். நிதானத்துக்கு அதைக் கேட்க வெளியே கூச்சமாகவும் உள்ளே பெருமையாகவும் இருக்கும்.

ஒருநாள் ஏற்றத்தில் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து கருகல் வாசனை வந்தது. பணிமனை மெக்கானிக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஒயரெல்லாம் தோல் உரிஞ்சு கெடக்குய்யா. மாத்தணும்னு நானும் மூணு வருஷமா எழுதிப் போட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஆவுற வரைக்கும் ஒரு தீயணைப்பானாவது வெச்சுக்க. ரெண்டு கிலோ பவுடர் சிலிண்டர் போதும். உன் முழங்காலுக்குப் பக்கத்துல, சீட் பெல்ட்ட அவுக்காமலே கைக்கு எட்டுற எடத்துல, இரும்பு கிளாம்ப் போட்டு ரெண்டு போல்ட்டுல இறுக்கிடலாம். மாசத்துக்கு ஒரு தடவ தலைகீழாக் கவுத்துக் குலுக்கிக்க. உன் ரோட்டுக் குலுக்கல்ல பவுடரெல்லாம் அடியில போய் கெட்டியாயிடும்.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. நிதானம் வெள்ளைத் தாளில் ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டுபோய் இயக்ககத்தில் கொடுத்தார்: “என் வண்டிக்கு ஒரு சிறிய தீயணைப்பான் தந்து உதவ வேண்டுகிறேன்.”

ஒரு வரி விண்ணப்பத்தை இயக்ககம் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டது. ஒன்பது பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். எதிர்பார்க்கப்படும் தீ எந்த வகை, எந்த இடத்தில், எந்த நாளில் என்று அதில் கேட்டிருந்தது. நிதானம் யோக்கியமாகத் ‘தெரியாது’ என்று மூன்று முறை எழுதினார். முழுமையற்றது என்று படிவம் திரும்பி வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் இரக்கப்பட்டு, “ஏதாவது ஒரு தேதியப் போட்டுக் குடுங்க, யாரு பாக்கப்போறா” என்றார். அடுத்த மாதம் வரும் ஒரு செவ்வாய்க்கிழமையைப் போட்டார்.

யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது தவறு. அந்தச் செவ்வாய் வந்தது, போனது. வியாழக்கிழமை ஒரு கடிதம் வந்தது. ‘தாங்கள் குறிப்பிட்ட நாளில் தங்கள் வாகனம் தீப்பிடிக்காததற்கான விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் சமர்ப்பிக்கவும்.’

தங்கை அதைச் சத்தம்போட்டுப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிதானம் சிரிக்கவில்லை. எதிர்பாராத காரணங்களால் தீ தள்ளிப்போய்விட்டது என்றும் வருங்காலத்தில் இப்படி நேராமல் பார்த்துக்கொள்வதாகவும் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அந்தக் கடிதம்தான் இயக்குநருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. உடனே தேர்வுக் குழுவைக் கூட்டினார்.

குழுவில் ஏழு பேர். அதில் ஒருவர் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர். மற்ற ஆறு பேருக்கு அந்த அனுபவமும் இல்லை. நீள மேஜையின் மேல் மூன்று சிலிண்டர்களை நிறுத்திவைத்திருந்தார்கள். நிதானம் கை கட்டி ஓரமாக நின்றார்.

இயக்குநர் இரண்டு கிலோ சிலிண்டரைச் சுட்டுவிரலால் லேசாகத் தட்டினார். “இதுவா? இத வெச்சா இந்தத் துறையோட கௌரவம் என்ன ஆகுறது? நாளைக்கு ஒரு பேப்பர்ல வண்டி படம் வருது. நாம பாதுகாப்புக்கு என்ன செஞ்சோம்னு அதுல தெரிய வேணாமா? இது கியருக்குப் பின்னால மறைஞ்சு போயிடுமே!”

“ஐயா, முழங்கால் பக்கத்துல மாட்டத்தான்...” என்றார் நிதானம். “பெல்ட் போட்டபடியே கைக்கு எட்டணும்னு மெக்கானிக் சொன்னார்.”

“கைக்கு எட்டுற மாதிரி வெச்சா யார் வேணா எடுத்துடுவாங்களேய்யா!”

குழு முழுவதும் தலையை ஆட்டியது. இந்தக் கோணத்தில் இதுவரை யாரும் யோசித்ததில்லை என்று ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார். ஒன்பது கிலோ சிலிண்டர் ஒருமனதாகத் தேர்வானது. நிறுத்திவைத்தால் நிதானத்தின் தொடை வரை வந்தது. இரும்புக் கூட்டோடு சேர்த்துத் தூக்கிப் பார்த்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கனம் இருந்தது.

அதை மாட்டும் நாளில் இயக்ககத்திலிருந்து பயிற்சிக் கண்காணிப்பாளர் வந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், பேசும்போதும் பாதி வாயில் இருக்கும். பணிமனையில் எல்லோரும் விசில்காரர் என்பார்கள். மெக்கானிக் டிரில்லிங் மெஷினை எடுத்து ஜீப்பின் தரையில் நான்கு துளைக்குக் குறி போட்டார். விசில் ஊதிற்று.

“நிறுத்துங்க! வண்டி பாடியில துளை போட்டா அது உருமாற்றம். உருமாறின வண்டி வேற வண்டி. வேற வண்டிக்குக் கருவி ஒதுக்கீடு ஆகல.”

“துளை போடாம எப்படி சார் மாட்டுறது? பசை போட்டு ஒட்டவா?” என்றார் மெக்கானிக்.

விசில்காரர் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். முன்பக்கத்து இருக்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “இதோ, பெல்ட்டே இருக்கே!”

அப்படித்தான் தீயணைப்பான் தங்கையின் இருக்கையில் உட்கார்ந்தது. பெல்ட்டைக் குறுக்கே போட்டு மாட்டினார்கள். பிடியில் இருந்த பாதுகாப்பு ஊசியைக் கம்பியால் கட்டி ஈய முத்திரை வைத்தார்கள். உடைப்பதற்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும்.

“அப்போ நர்ஸ் எங்க உக்காருவாங்க சார்?” என்று கேட்டார் நிதானம்.

“பின்னால உக்காரட்டும். மனுஷங்க எதையாவது புடிச்சுக்குவாங்க. கருவிக்குக் கை இல்லையே!”

பின்பக்கம் மருந்துப் பெட்டிகளுக்கான இடம். பெட்டிகள் முன்னால் உருண்டு வராமலிருக்கக் குறுக்கே கெட்டியான இரும்பு வலை. ஜன்னல் கண்ணாடி திறக்காது. பின்கதவின் உள்கைப்பிடி உடைந்து வருடக்கணக்காகிறது. வெளியிலிருந்துதான் திறக்க முடியும். நிதானம் விசில்காரர் பின்னாலேயே ஓடி அதைச் சொன்னார். கதவு தன்னுடைய பொறுப்பில் வராது என்றும் அதற்குத் தனி விண்ணப்பம் போடலாம் என்றும் விசில்காரர் அன்பாகவே எடுத்துச் சொன்னார். ஒன்பது பக்கப் படிவம்தான். கதவு எந்த நாளில் திறக்கப்பட வேண்டியிருக்கும் என்று கேட்டிருந்தது.

தங்கை அலட்டிக்கொள்ளவில்லை. வலைக்குப் பின்னால் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, “என்னண்ணே, மகாராணி சௌக்கியமா? காத்து நல்லா வருதாமா?” என்று தினமும் கேட்பாள். மகாராணி என்பது தீயணைப்பான்.

“எல்லாம் என்னாலதான்” என்பார் நிதானம். “பேசாம இருந்திருந்தா நீ முன்னாலயே உக்காந்திருப்பே.”

“விடுண்ணே. நீதானே ஓட்டுறே.”

ஒருநாள் மெக்கானிக் சொன்னபடி சிலிண்டரைக் கவிழ்த்துக் குலுக்கியதை விசில்காரர் பார்த்துவிட்டார். கருவியை முறைகேடாகக் கையாண்டதற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதன் பிறகு நிதானம் குலுக்குவதையும் விட்டுவிட்டார்.

அடுத்து வந்தது பயிற்சி. ஓட்டுநர்கள் எல்லோரையும் மைதானத்தில் நிற்கவைத்து இயக்குநரே நேரில் பேசினார்.

“போன வருஷம் மட்டும் பதினேழு தீயணைப்பான்கள் வண்டித் தீயில கருகிப்போச்சு. பதினேழு! வண்டி எரியுது, சரி, எரியட்டும். அதோட சேர்ந்து நம்ம கருவியும் எரியணுமா? இத விடப் பொறுப்பில்லாத்தனம் உண்டா? தீன்னு வந்துட்டா முதல்ல காப்பாத்த வேண்டியது எதை?”

“கருவியை!” என்றார் விசில்காரர், ஓட்டுநர்களின் சார்பில்.

நிதானம் கையைத் தூக்கினார். “ஐயா, அந்தப் பதினேழு வண்டியில இருந்தவங்க?”

இயக்குநர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் கோப்பைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “அந்தப் புள்ளிவிவரம் வேற துறையில இருக்கும்” என்றார் இயக்குநர்.

“அப்போ இத தீ மேல அடிக்கிறது எப்போ சார்?”

“அதெல்லாம் ரெண்டாம் கட்டப் பயிற்சி. அதுக்கு ஆணை இன்னும் வரல.”

பயிற்சி எளிமையானதுதான். விசில் ஊதினால் வண்டியை நிறுத்த வேண்டும். கருவியின் பெல்ட்டைக் கழற்றி, மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு முப்பது அடி ஓட வேண்டும். சமதரையில் நிமிர்த்திவைத்து, அதிகாரி இருக்கும் திசையைப் பார்த்து நின்று, ‘கருவி பத்திரம்’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். எல்லாம் இருபது விநாடிக்குள். தினமும் காலையில் பத்து முறை. முதல் நாள் நிதானத்துக்கு ஒரு நிமிடம் பிடித்தது. வயதைச் சொல்லித் திட்டினார்கள். நிதானமானவர்களுக்கு ஒரு குணம் உண்டு. சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்யும்வரை விடமாட்டார்கள். நான்கு மாதத்தில் பத்தொன்பது விநாடிக்கு வந்துவிட்டார்.

வந்த பழக்கம் மைதானத்தோடு நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கு வந்திருந்தபோது அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. படுத்திருந்த நிதானம் எழுந்து, தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினார். முப்பது அடியில் அதை நிமிர்த்திவைத்து, பால்காரரைப் பார்த்துக் “கருவி பத்திரம்!” என்றார். தங்கை வாசலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவரும் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். பால்காரர் மட்டும் அன்றிலிருந்து கொஞ்சம் தள்ளியே போனார்.

தீ ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு வந்தது. படிவத்தில் சொல்லாமல் வந்தது. ஓடையைத் தாண்டி ஏற்றம் ஏறிக்கொண்டிருந்தார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் பட்டென்று ஒரு சத்தம், பிறகு கறுப்புப் புகை. தோல் உரிந்த ஒயர்கள் வழியாக நெருப்பு தரைவிரிப்புக்குள் புகுந்து வலையின் அந்தப் பக்கம் போய்விட்டது.

நிதானம் வண்டியை நிறுத்தினார், ஹேண்ட் பிரேக் போட்டார், பெல்ட்டைக் கழற்றினார், மார்போடு அணைத்துத் தூக்கினார், ஓடினார். முப்பது அடியில் ஒரு சமதரை இருந்தது. நிமிர்த்திவைத்தார். திரும்பினார். விசில்காரர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பாறைதான் இருந்தது. அதைப் பார்த்து, “கருவி பத்திரம்” என்றார். ஒரு நல்ல காரியத்தைப் பிழையில்லாமல் செய்து முடித்த திருப்தி அவர் மனதில் ஒரு கணம் இருந்தது. அந்த ஒரு கணத்தை அவரால் பிறகு ஆயுசுக்கும் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம்தான் சத்தம் கேட்டது. கண்ணாடியை யாரோ கையால் அறைகிறார்கள்.

ஓடிவந்து பின்கதவைத் திறந்தபோது புகையோடு சேர்ந்து தங்கை அவர் மேல் விழுந்தாள். கண்ணாடி உடையாததால் அவள் இரும்பு வலையைப் பிய்த்துக்கொண்டு முன்பக்கம் வரப் பார்த்திருக்கிறாள். வலை அதற்குள் பழுக்கக் காய்ந்திருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் வலையின் கட்டங்கள் அப்படியே பதிந்திருந்தன. அவளை இழுத்துக்கொண்டு வந்து பாறை ஓரத்தில் கிடத்திவிட்டு, முத்திரையைப் பல்லால் கடித்து அறுக்கலாமா என்று சிலிண்டரைப் பார்த்தார். அதற்குள் டீசல் டாங்க் பிடித்துக்கொண்டது. இனி அடித்து அணைக்க ஒன்றும் பாக்கி இல்லை.

தங்கை இருமினாள். தீயணைப்பானைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“ரொம்ப நேரமாக் கூப்பிட்டேனேண்ணே” என்றாள்.

விசாரணைக் குழு மறுநாளே வந்தது. வண்டியின் எலும்புக்கூட்டை அவர்கள் எட்டிப் பார்த்ததோடு சரி. சிலிண்டரைத்தான் பூதக்கண்ணாடி வைத்துச் சோதித்தார்கள். முத்திரை உடையவில்லை. பெயின்ட் உரியவில்லை. அழுத்தமானியின் முள் பச்சையிலேயே நின்றது. இயக்குநருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. துறை தொடங்கிய நாளிலிருந்து ஒரு நிஜத் தீயிலிருந்து முழுசாக மீண்ட முதல் தீயணைப்பான் இதுதானாம். அறிக்கையில் ‘கருவிக்கு ஏற்பட்ட சேதம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினார்கள். ‘ஆட்களுக்கு ஏற்பட்ட சேதம்’ என்ற இடம் அந்தப் படிவத்தில் கிடையாது.

மருத்துவமனையில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “காயம் ஆறிடும். விரல் மடங்குறது கஷ்டம். ஊசி புடிக்கிற வேலையெல்லாம் இனிமே மறந்துடுங்க.” தங்கை சரி என்று தலையாட்டினாள். நிதானம் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்கள் முன்னால் வாய்விட்டு அழுதார்.

பாராட்டு விழாவுக்கு வர மாட்டேன் என்றுதான் சொன்னார். வராவிட்டால் அதற்கும் படிவம் உண்டு என்றார்கள். மைதானத்தில் பந்தல் போட்டிருந்தது. சிலிண்டருக்கு மேடையில் நடு நாற்காலி. மூன்றாவது வரிசையில் தங்கை, இரண்டு கையிலும் வெள்ளைக் கட்டோடு.

“இந்த ஓட்டுநர் அந்த நெருக்கடியில என்ன நெனைச்சார்?” என்று இயக்குநர் மைக்கில் முழங்கினார். “தன் உயிர நெனைச்சாரா? இல்ல! கூட வந்தவங்கள நெனைச்சாரா? அதுவும் இல்ல! உள்ளே அவரோட சொந்தத் தங்கச்சி. அப்பவும் அவர் அசரலையே! இப்படிப்பட்ட ஆள உருவாக்கினது யாரு? நாம!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கட்டுப்போட்ட இரண்டு கைகள் மட்டும் மடியிலேயே கிடந்தன.

பிறகு செயல்விளக்கம். மைதானத்தின் நடுவில் ஒரு ஜீப்பை நிறுத்தி, முன் இருக்கையில் சிலிண்டருக்கு பெல்ட் போட்டு, நிதானத்தை ஏற்றி உட்காரவைத்தார்கள். விசில் ஊதிற்று. நிதானம் குதித்து இறங்கி, வண்டியைச் சுற்றி ஓடி, பின்கதவைத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை. திறந்த கதவைப் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றார்.

“தப்பு” என்றார் விசில்காரர். “பதட்டப்படாதீங்க. மறுபடியும்.”

மறுபடியும் பின்கதவுக்குத்தான் போனார். மூன்றாவது முறையும் அப்படியே. காலியான இடத்துக்குள் கையை விட்டுத் துழாவினார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இயக்குநர் மைக்கை மூடிக்கொண்டு விசில்காரரிடம் ஏதோ சொன்னார். சால்வையையும் சான்றிதழையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடிப்படைப் பயிற்சியில் தேறாததால் இருபத்தோரு நாள் மறுபயிற்சிக்கு அங்கேயே உத்தரவு எழுதப்பட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் தங்கை, தெருமுனை வந்ததும், “இந்த ஓட்டத்த அன்னிக்கு ஓடியிருக்கக் கூடாதாண்ணே?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுபயிற்சியில் முதல் ஒரு வாரம் பின்கதவுக்கே போய்க்கொண்டிருந்தார். விசில்காரர் பொறுமைசாலி, ஒரு தடவை தவறினால் இருபது தடவை செய்யவைத்தார். இரண்டாவது வாரம் பின்கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்துத் திரும்பிவிடுவார். மூன்றாவது வாரம் அந்த இரண்டு எட்டும் நின்றுபோயின. இருபத்தோராம் நாள் பதினேழு விநாடியில் தேறினார். சால்வையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அவருக்குக் கொடுத்த வேறு ஜீப், இன்னொரு பிரிவு கழித்துப்போட்டது. முன் இருக்கையில் அதே மகாராணி பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. பின்னால் அதே மாதிரி வலை. கதவின் உள்கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. தங்கைக்குப் பதிலாக வந்த நர்ஸுக்கு இது முதல் வேலை. பையை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்து, சிலிண்டரைக் காட்டி, “இது இருக்குறது ஒரு தைரியம்தான் இல்லண்ணே?” என்றாள்.

நிதானம் முன்னால் போய்த் தன் இருக்கைக்கு அடியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது, இரண்டு கையாலும் வாங்கினாள்.

“தீப் புடிச்சா இதால கண்ணாடிய ஒடைச்சுக்கிட்டு எறங்கிடும்மா. எனக்காகக் காத்திருக்காத. கூப்பிடாத. நான் வரமாட்டேன்.”

“ஏண்ணே? ஏன் வரமாட்டீங்க?”

அவர் பின்கதவை வெளியிலிருந்து சாத்தினார். பூட்டு விழுந்துவிட்டதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

“எனக்குப் பயிற்சி குடுத்திருக்காங்கம்மா” என்றார்.